வேண்டாம் என்று ஒரு பெயர்

“வேண்டாம்!”

ஒலிபெருக்கி முழங்கிற்று. மண்டபம் நிறைய அமர்ந்திருந்த செவிலியர் கூட்டம் ஒரு நொடி திகைத்தது, மறுநொடி நகைத்தது. நான் எழுந்து நின்றேன். அரசு மருத்துவமனைகளில் பணியிடம் ஒதுக்குவதற்காக 2015இல் நடந்த கலந்தாய்வு அது. பெயரைப் படித்தவர் ஒருவர். பதிவேட்டில் குறித்துக்கொண்டவர் மற்றொருவர். பின்னவர் தலை நிமிராமலே, “வேண்டாம்னா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, அடுத்தவங்களுக்காவது கிடைக்கும்” என்றார்.

“ஐயா, வேலை வேண்டும். வேண்டாம் என்பது என் பெயர்” என்றேன்.

மண்டபம் இரண்டாம் முறை நகைத்தது. அந்த எழுத்தர்மீது எனக்குச் சினமில்லை. பெயர் என்பது அழைப்பதற்கு. என் பெயரோ விரட்டுவதற்கென்றே வைக்கப்பட்டது. அதைக் கேட்ட ஒருவர், விரட்டப்பட்டது வேலை என்று எண்ணிக்கொண்டால் அது அவருடைய பிழையா?

திருத்தணிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பெண்ணுக்குப் பின் பெண்ணாகப் பிறந்துகொண்டே இருந்தால், கடைசிப் பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிடுவது அங்கே வழக்கம். அப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம்! தமிழகத்தின் வேறு பகுதிகளில் இதே நம்பிக்கை ‘போதும்பொண்ணு’ என்று பெயர் சூட்டிக்கொண்டு திரிகிறது. யாரை நோக்கிச் சொல்லப்படும் சொல் இது? பிறந்துவிட்ட பெண்ணுக்கா? பிறக்கவிருக்கும் பெண்ணுக்கா? மேலே ஒருவன் அமர்ந்து பிள்ளைகளைப் பங்கிட்டு அனுப்புவதாக நம்புகிறார்களே, அவனுக்கா? விண்ணப்பம் அவனுக்குத்தான். அதை எழுதிய தாள், நான்!

பிச்சை என்றும், குப்பை என்றும், மண்ணாங்கட்டி என்றும் பெயர் வைத்த காலம் ஒன்று உண்டு. முன்பிறந்த குழந்தைகள் இறந்து போயிருக்கும். இந்தக் குழந்தையையாவது எமன் ஏறிட்டுப் பார்க்காமல் போகட்டும் என்று இழிந்த பெயரைச் சூட்டுவர். அறியாமைதான். ஆனால் அந்த அறியாமைக்குள்ளே அன்பு இருந்தது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. என் பெயருக்குள் அதுவும் இல்லை.

1988இல் நான் பிறந்தபோது பிறப்புப் பதிவில் ‘பெண்’ என்று மட்டும் எழுதினார்கள். பெயர்க் கட்டம் காலி. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் சேர்க்கச் சென்ற என் தந்தையார், தலைமையாசிரியர் கேட்டதும் ‘வேண்டாம்’ என்றார். அவர் மறு கேள்வி கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். ஏன் கேட்க வேண்டும்? அதே பள்ளியில் எனக்கு முன்பே இரண்டு வேண்டாம்கள் இருந்தனர். பெரிய வேண்டாம், நடு வேண்டாம், சின்ன வேண்டாம் என்று எங்களை வேறுபடுத்தி அழைத்தனர்.

எனக்குப் பின் என் தம்பி பிறந்தான். ஊருக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? “பார்த்தியா, பேரு வேலை செஞ்சிடுச்சு” என்றனர். நடு வேண்டாத்துக்குப் பின் இரண்டு தங்கைகள் பிறந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. செவிலியர் படிப்பில் சேர்ந்த பின்னர்தான் எனக்குக் கணக்கு விளங்கியது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் உயிரணு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பேற்றிலும் ஆணாவதற்கு ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. ஆகவே நூறு வேண்டாம்களுக்குப் பிறகு, பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஏறத்தாழ ஐம்பது தம்பிகள் பிறந்தே தீருவார்கள். அந்த ஐம்பது வீடுகளும் ஊரறியப் பேசும். மற்ற ஐம்பது வீடுகளும் வாய்மூடிக் கிடக்கும். மூடநம்பிக்கை வாழ்வதே இந்த மௌனத்தில்தான், தோழர்களே!

ஆண்பிள்ளைக்கு ஏன் இந்த ஏக்கம் என்று கேட்டால், கொள்ளிவைக்க என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் கொல்லையில் கிடந்த நிலம். பெண் பிறந்தால் நிலம் போகும். சீர் என்றும் நகை என்றும் வீடு காலியாகும். செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமென்று தீர்மானித்ததை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அதே மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்ததை அவ்வளவு அடிக்கடி சொல்வதில்லை. முதல் தீர்மானத்தைச் செயலாக்க ஒரு துளி மை போதும். இரண்டாவதற்கு வரப்பை அல்லவா நகர்த்த வேண்டும்! அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம், மணமாகாத மகளுக்கும் மகனைப்போலவே பரம்பரைச் சொத்தில் பங்கு என்றது. வீடு என்னை வேண்டாம் என்ற மறு ஆண்டே, சட்டம் வேண்டும் என்றது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

கலந்தாய்வு மண்டபத்துச் சிரிப்போடு நான் பெயரை மாற்றியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. பழகிவிட்டது. ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயரட்டையாகச் சட்டையில் குத்திக்கொண்டால் அது வெறும் ஒலி. வடநாட்டு மருத்துவர் ஒருவர் “அழகான பெயர்” என்றுகூடச் சொன்னார். தமிழில்தான் அது சுடும். ஏழு ஆண்டுகள் அந்த ஆங்கில அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

2022இல் ஓரிரவு, பிரசவ வார்டில் பணி. ஒரு தாய்க்கு மூன்றாவதும் பெண். அழுதுகொண்டிருந்தவள் என்னிடம், “சிஸ்டர், உங்க பேரு என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். அழுகையை நிறுத்தினாள். “எங்க ஊர்ப் பக்கமா நீங்க? உங்களுக்கு அப்புறம் தம்பி பொறந்தானா?” என்றாள்.

என்ன சொல்வேன்? பொய் சொல்லத் தெரியவில்லை. “பிறந்தான்” என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. கையிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்து, “அப்ப இதுக்கும் அதே பேரை வெச்சிடறேன்” என்றாள். சரிபாதி வாய்ப்புக் கணக்கை அந்த நள்ளிரவில் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. அவளுக்கு என் பேச்சு எதற்கு? நானே சான்றாக நின்றுகொண்டிருந்தேனே! அந்த மூடத்தனத்துக்குப் பலியானவள் என்றுதான் அதுவரை என்னை எண்ணியிருந்தேன். அதற்கு விளம்பரப் பலகையாகவும் இருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. விடிந்ததும் விண்ணப்பத் தாளைத் தேடினேன்.

பெயரை மாற்றிக்கொள்ள நம் நாட்டில் தனியாக ஒரு சட்டம் கிடையாது. நான் இன்னார், இனி இன்னாராக அழைக்கப்படுவேன் என்று ஊரறிய அறிவிப்பதுதான் முறை. அந்த அறிவிப்பைத் தமிழ்நாடு அரசிதழில், கெஜட் என்று மக்கள் சொல்கிறார்களே அதில், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது. புதன்கிழமைதோறும் வரும் இதழ் அது. அலுவலகம் இருப்பது சென்னை அண்ணா சாலையில். அந்தச் சாலையே ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு. அந்த அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடே ‘மதராஸ்’ என்று எழுதப்பட்டு, சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட பிறகும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1969 சனவரி 14இல் தன் பெயரைப் பெற்றது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். சாரங்கபாணி வீரமணி ஆனார். அவர்களுக்கு மேடை இருந்தது; நாடறிய அழைக்க ஆயிரம் வாய்கள் இருந்தன. எனக்கு இருந்தது ஒரு விண்ணப்பத் தாளும் இரவுப்பணி முடிந்த ஒரு பகற்பொழுதும்.

என்ன பெயர்? குறுந்தொகையில் பாட்டுகள் எழுதிய அள்ளூர் நன்முல்லையாரின் பெயர் பள்ளி நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் பெண் குழந்தையைப் பார்த்து ‘நல்ல முல்லை’ என்று சொல்ல யாரோ இருந்திருக்கிறார்கள்! நன்முல்லை என்று எழுதினேன்.

விண்ணப்பத்தை நிரப்பித் தர எங்கள் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தார். நிரப்புவதோடு நில்லாமல் எண்கணிதமும் பார்ப்பவர். பழைய பெயரைப் பார்த்தார், புதிய பெயரைப் பார்த்தார், ஆங்கில எழுத்துகளைக் கூட்டினார், உதட்டைப் பிதுக்கினார். “எல் இன்னொண்ணு சேர்த்துக்குங்கம்மா. இல்லேன்னா குடும்பத்துல உடல்நலக் குறைவு காட்டுது.”

“நான் தமிழில் அல்லவா விண்ணப்பிக்கிறேன்? உங்கள் கணக்கு இருபத்தாறு எழுத்துக்குத்தானே? எங்கள் மொழியில் 247 ஆயிற்றே, அதற்கு என்ன எண்?” என்றேன். அவர் அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை போலும். பின்னாளில் அரசிதழின் அந்தப் பகுதியைப் புரட்டியபோது எனக்கு ஒன்று வியப்பளித்தது. ஒலி மாறாமல் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் அறிவித்தவர்கள் எத்தனை பேர்! சாதியை உதற ஒரு கருவி. இழிவை உதற ஒரு கருவி. அதே கருவியைப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்தைக் கூட்டினால் செல்வம் கூடும் என்று வரிசையில் நிற்கிறது ஒரு கூட்டம்.

பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஒளிப்படம், அவற்றில் சான்றொப்பம், அரசுப் பணியாளர் என்பதால் மேலதிகாரிக்குத் தகவல். இவற்றில் ஏதும் கடினமில்லை. அனுப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அதுதான் கடினம்.

அப்பா அப்போது இல்லை. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏம்மா, அந்தப் பேரை வெச்சுத்தானே அவன் வந்தான். இப்ப அதைத் திருப்பி எடுத்துட்டா…” என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவே அஞ்சினார்.

ஒன்பதாம் நாள், மழையில் வண்டி சறுக்கித் தம்பி விழுந்தான். வலது கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது.

தோழர்களே, இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பகுத்தறிவுக் கூட்டங்களில் அமர்ந்து கைதட்டியவள் நான். கணக்கு அறிந்தவள், உடலறிவு படித்தவள். ஆயினும் அறுவை அறைக்கு வெளியே அம்மா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “திருப்பி வாங்கிடு கண்ணு, உன் காலில விழறேன்” என்றபோது என்னுள் ஏதோ ஒன்று அசைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரின் ‘உடல்நலக் குறைவு’ என்ற சொல்கூட நினைவுக்கு வந்தது. அன்றிரவு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். முழுவதும் எழுதினேன், கையெழுத்தும் இட்டேன், வேண்டாம் என்று. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கடிதம் முழுவதும் சொன்ன செய்தியைக் கையெழுத்து ஒரே சொல்லில் சொல்லிவிட்டதே!

கிழித்தது நான், ஆனால் கிழிக்கச் செய்தவன் தம்பி. காலில் கட்டோடு படுத்திருந்தவனிடம் கடிதத்தைக் காட்டினேன். “அக்கா, நான் பொறந்ததுக்கு உன் பேரு காரணம்னா, பத்தாவதுல நான் கணக்குல ஃபெயிலானதுக்கு யார் பேரு காரணம்? அந்த டயரு வழவழன்னு தேஞ்சு ஆறு மாசமாச்சு” என்றான். சற்றுப் பொறுத்து, வேறு குரலில் சொன்னான்: “சின்ன வயசுல இருந்து உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என்னவோபோல இருக்கும். அதான் அக்கான்னு மட்டும் சொல்லுவேன்.” நான் அதை அதுவரை கவனித்ததே இல்லை. அவன் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

சில வாரங்களில் அரசிதழ் வந்தது. அந்தப் பக்கத்தின் தலைப்பில், இந்த அறிவிப்பின் சட்ட விளைவுகளுக்கு அரசு பொறுப்பேற்காது, அறிவித்தவரே பொறுப்பு என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. நியாயம்தான். பழைய பெயருக்கு யாருமே பொறுப்பேற்கவில்லை. புதியதற்காவது நான் இருக்கிறேன்.

பின்னர் தொடங்கிற்று காகிதப் படலம். ஆதார், வங்கி, வாக்காளர் அட்டை, வருமான வரியின் பான் அட்டை, குடும்ப அட்டை, செவிலியர் பதிவு, பணிப் பதிவேடு. முதலில் ஆதாரை முடிப்பது நல்லது. மற்றவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். அதில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாம். ஆகவே எழுத்துப்பிழை நேராமல் திரையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுப்பெயரையும் மாற்றுவோருக்கு அரசிதழ்ப் படி இன்றி அங்கே வேலை நடவாது. வங்கியில் கையெழுத்தையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள கை ‘வே’ என்று தொடங்கிவிடும். மூன்று தாள்களைப் பாழாக்கினேன்.

பள்ளிச் சான்றிதழ்தான் அசையவில்லை. “படிச்சு முடிச்சுட்டீங்க, இனி இதுல கை வைக்க முடியாது. கெஜட் காப்பியைச் சேர்த்துக் காட்டுங்க” என்றார்கள். பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தில் பிரிக்கவொண்ணாத பகுதி, தம் பெயரைத் தாமே ஆளும் உரிமை பேச்சுரிமையோடு சேர்ந்தது என்ற கருத்தை உச்சநீதிமன்றம் 2021 சூனில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பற்றிய வழக்கில் உரைத்துள்ளது. உரிய சான்றுகளோடு கேட்டால் வாரியம் பதிவை மாற்றித் தர வேண்டும். பழைய பெயரின் குறிப்பும் உடனிருக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பார்த்தேன். மேசைக்கு அப்பாலிருந்தவர் மரியாதையாகக் கேட்டார், அவ்வளவே. இன்றும் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் வேண்டாம். அரசிதழின் பன்னிரண்டு படிகள் என் பையில் எப்போதும் உண்டு.

இதை ஓர் ஆளின் அலைச்சலாகவே விட்டுவிட வேண்டுமா? மராட்டியத்தில் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுஷா’ என்று பெயரிடப்பட்ட பெண்கள் இருந்தனர். அந்தச் சொல்லுக்கும் வேண்டாதவள் என்பதே பொருள். சாவித்திரிபாய் பூலே 1831இல் பிறந்த நாய்காவ் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2011 அக்டோபரில் அங்கே மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து, அப்பெயருடைய 285 சிறுமியரை அழைத்து, அவரவர் விரும்பிய பெயரைச் சூட்டிச் சான்றும் கையில் கொடுத்தது. யாரும் அண்ணா சாலைக்கு விண்ணப்பம் போடவில்லை. நோட்டரியின் வாயிலில் நிற்கவில்லை. நம் மாவட்டங்களில் ஒரு வாரம் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினால் போதும், எத்தனை வேண்டாம்கள், எத்தனை போதும்பொண்ணுகள் என்று தெரிந்துவிடும். ஒரு கல்வி அலுவலர் மனம் வைத்தால் ஆகும் வேலை. அதைக் கேட்டு நம் இளைஞர் மன்றங்கள் மனுக் கொடுக்கலாமே!

அம்மா இன்னும் என்னைப் பழைய பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். தம்பி நடக்கத் தொடங்கிய பிறகு அழைப்பதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நானும் திருத்துவதில்லை. எழுபது வயதில் அவர் நாவை நான் எந்த அரசிதழில் மாற்றுவேன்?

சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. ஊர் வழக்கப்படியே பெயர். “உங்களுக்கு மாத்தினாங்களாமே, இவளுக்கும் எழுதிக் கொடுங்கக்கா. அவங்கப்பா கேட்டா நான் பார்த்துக்கறேன்” என்றாள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரே கையொப்பமிடலாம். தாளை விரித்தேன். என் மனத்தில் வெள்ளிவீதி, நச்செள்ளை என்று சங்கப் பெண்பாற் புலவர்களின் அணிவகுப்பே நின்றது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தாள்.

“என்ன பேருடா வேணும் உனக்கு?”

“ஷாலினி. எங்க டீச்சர் பேரு.”

நான் எழுதினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, “அத்தை, ஷாவுக்குக் கால் போடல” என்றாள்.